‘எப்போ டிக்கெட் போடலாம்?’ என்ற கேள்வி பிறந்த கதை

வெளிநாட்டுக்குப் போவதென்று முடிவானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். இப்போதே போட்டுவிடலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா? விலை இறங்குமா, ஏறிவிடுமா? விமானம் பறக்கத் தொடங்கிய நாள்முதல் இந்தத் தவிப்பும் கூடவே வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது 1970களில் பிறந்தது. பிறந்த இடம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில்.

அதற்கு முன்பு வெளிநாட்டு விமானக் கட்டணங்களை ஐயாட்டா என்ற தங்கள் சங்கத்தில் கூடிப் பேசி நிறுவனங்கள் முடிவு செய்யும், அரசாங்கங்கள் ஒப்புதல் தரும். சீசனுக்கு ஒரு விலை, வகுப்புக்கு ஒரு விலை என்று வித்தியாசங்கள் உண்டு. ஆனால் ஆறு மாதம் முன்னால் வாங்கினாலும் முந்தின நாள் வாங்கினாலும் பெரும்பாலும் அதே காசுதான். காத்திருந்து லாபமில்லை, முந்திக்கொண்டும் லாபமில்லை.

மலிவாகப் போக ஒரு குறுக்கு வழி இருந்தது. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காக முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கலாம். சங்கத்தில் குறைந்தது ஆறு மாதம் உறுப்பினராக இருந்தவர்தான் ஏறலாம் என்பது விதி. அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க ஆசைப்படும் தாய் எந்தச் சங்கத்துக்குப் போவார்? அதனால் பயணத்துக்கென்றே போலிச் சங்கங்கள் முளைத்தன. பழைய தேதி போட்ட உறுப்பினர் அட்டைகள் கைமாறின. 1971இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில், ‘இடதுகைக்காரர் சங்கம்’ என்ற பெயரில் வந்த பயணிகளை அதிகாரிகள் நிறுத்தி விசாரித்தார்கள். அந்த விமானத்தின் முதலாளி ஃபிரெடி லேக்கர் கொதித்துப்போனார். அவரிடம் பிறகு வருவோம்.

இந்தக் கேலிக்கூத்து நீடிக்க முடியாது என்று அரசாங்கங்களுக்குப் புரிந்தது. 1973இல் விதி மாறியது. எந்தச் சங்கத்தில் இருக்கிறாய் என்ற கேள்வி போய், எத்தனை நாள் முன்னால் பணம் கட்டினாய் என்ற கேள்வி வந்தது. அட்டையின் இடத்தில் காலண்டர் வந்து உட்கார்ந்தது.

வழக்கமான சேவை நடத்தும் நிறுவனங்களும் அதே வழியைத்தான் பிடித்தன. 1970இல் போயிங் 747 வந்தபின், ஒரே விமானத்தில் முன்னூறு நானூறு இருக்கைகளை நிரப்ப வேண்டியிருந்தது. பிரிட்டனின் பிஓஏசி, 21 நாள் முன்னதாகப் பதிவு செய்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. அலுவலக வேலையாகப் போகிறவருக்குத் திங்கட்கிழமைதான் தெரியும், வியாழக்கிழமை நியூயார்க்கில் இருக்க வேண்டும் என்று. அவருக்காகக் கம்பெனி பணம் கட்டும். குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர் மாதக்கணக்கில் திட்டமிடுவார், காசையும் எண்ணுவார். யாருடைய பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியாத நிறுவனம், பதிவு செய்த தேதியைப் பார்த்து அதை ஊகித்தது.

உடனே அடுத்த சிக்கல் வந்தது. மலிவு இருக்கைகளை எத்தனைவரை விற்பது? எல்லாவற்றையும் முன்னதாகவே விற்றுவிட்டால், கடைசி வாரத்தில் முழுப்பணத்தோடு வருகிறவருக்கு இடம் இருக்காது. நிறைய ஒதுக்கி வைத்தால் விமானம் காலியாகப் பறக்கும். இதற்கு 1972இல் விடை சொன்னவர் பிஓஏசியில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட். முழு விலை 10,000 ரூபாய், சலுகை விலை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருக்கைக்கு முழு விலை கொடுக்க ஒருவர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால், இப்போதே 6,000க்கு விற்றுவிடு. அறுபதைத் தாண்டினால் கையைக் கட்டிக்கொண்டு காத்திரு. அவ்வளவுதான் அவர் கணக்கு. இன்று உலகெங்கும் ஓடும் விமானக் கட்டண மென்பொருள்கள் இந்த ஒற்றை யோசனையின் வாரிசுகள்.

உங்கள் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். விமான எண்ணின் அருகில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஒரே எகானமி வகுப்புக்குள் அப்படிப் பல எழுத்துகள், பல அடுக்குகள். மலிவு அடுக்கு தீர்ந்தால் அடுத்தது திறக்கும். விற்பனை எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்தால் மூடிய மலிவு அடுக்கை மறுபடி திறப்பார்கள். முந்தியவர் எப்போதும் ஜெயிப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். நிறுவனத்தின் கணிப்பு தவறும்போது, காத்திருந்தவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு யோசனை வந்தது என்பதை நாம் மறந்தே போனோம். ஃபிரெடி லேக்கர் ஆறு வருடம் அரசாங்கங்களோடு மல்லுக்கட்டி, 1977 செப்டம்பர் 26 அன்று ஸ்கைட்ரெய்ன் என்ற விமான சேவையைத் தொடங்கினார். லண்டனிலிருந்து நியூயார்க் போக 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது. ரயிலுக்குப் போவதுபோல அன்றைக்கு வந்து, வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி ஏற வேண்டியதுதான். கடைசியில் வருகிறவனுக்குத்தான் மலிவு! எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும். அவசரத்தில் வருகிறவன் பணக்காரனாகத்தான் இருப்பான் என்ற ஊகத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் விலையை இறக்கி மோதின, கடன் கழுத்தை நெரித்தது, 1982 பிப்ரவரியில் கம்பெனி திவாலானது. அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கத் தொடங்கியபின், 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், மலிவுக்குப் பேர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸோடு இதே அடுக்குக் கணக்கால் மோதி, பின்னர் வீழ்த்தியது. காலண்டர்தான் வென்றது.

அதன்பின் பல வருடம், நிறுவனத்தின் கையில் மட்டும்தான் கணக்கு இருந்தது. பயணிக்கு இருந்தது ஊகம் மட்டுமே. அதை மாற்ற முயன்றவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் ஓரன் எட்ஸியோனி. தம்பியின் கல்யாணத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் போக மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்தார். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் விலையைக் கேட்டார். அவர் பின்னால் வாங்கியவர், ஆனால் குறைவாகக் கொடுத்திருந்தார். விலை ஏன் மாறுகிறது என்ற நிறுவன ரகசியம் தெரியாவிட்டாலும், எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தால் போதாதா என்று அவருக்குத் தோன்றியது. அவரும் கிரெய்க் நோப்லாக் உள்ளிட்ட சகாக்களும் 41 நாள் இணையத்தில் விலைகளைத் திரட்டினார்கள். கிடைத்தவை 12,000க்கு மேல். அதைக் கொண்டு ‘வாங்கு’ அல்லது ‘பொறு’ என்று சொல்லும் நிரலுக்கு ஷேக்ஸ்பியரின் தயங்கும் இளவரசன் ஹாம்லெட்டின் பெயரை வைத்து, 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சேமிக்க வழியிருந்த பயணங்களில் அது சராசரியாக 23.8 சதவீதம் மிச்சப்படுத்திக் காட்டியது. எல்லாப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தாலோ 4.4 சதவீதம்தான். அந்த இரண்டாவது எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். பெரும்பாலான டிக்கெட்டுகளில் காத்திருந்து பெற எதுவுமே இல்லை என்று அது சொல்கிறது.

ஹாம்லெட், ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, பிறகு தன் பிங் தேடுபொறியோடு சேர்த்தது, பின்னர் அந்தக் கணிப்பு வசதியை நிறுத்தியும்விட்டது. இன்று கூகுள் ஃபிளைட்ஸும் ஹாப்பரும் அதே வேலையைச் செய்கின்றன. எல்லாம் நல்ல கருவிகள்தான். ஆனால் அவை உதவுவது காத்திருக்கும் வசதி உள்ளவருக்கு.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரருக்கு லீவு கிடைப்பது கடைசி வாரத்தில்தான் உறுதியாகும். அப்பா இறந்த செய்தி கேட்டவர் மறுநாளே கிளம்ப வேண்டும். 1970களின் கணக்கு இவர்களையும் கம்பெனிப் பணத்தில் பறக்கும் அதிகாரியையும் ஒரே தட்டில் வைக்கிறது. அவசரத்தைப் பணம் என்று படித்த அந்தத் தவறை எந்த மென்பொருளும் இன்னும் முழுதாகத் திருத்தவில்லை. சாவுக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் சில நிறுவனங்களில் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதை 2014இல் நிறுத்திவிட்டது. வைத்திருக்கும் நிறுவனங்களிலும் அது இணையத் தேடலில் எப்போதும் கண்ணில் படாது. அப்படி ஒரு நாள் வந்தால், டிக்கெட் போடும் முன் நிறுவனத்துக்கு நேரடியாகப் போன் செய்து கேளுங்கள். இணையத்தில் தெரியும் மற்ற விலைகளோடு ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.