இலத்தீன்: அரசன் பெயரன்று, நிலத்தின் பெயர்

இலத்தீனுஸ் என்னும் அரசனால் இலத்தீனுக்கு அப்பெயர் வந்தது என்று இன்னும் எழுதுகிறார்கள். உரோமப் பேரறிஞர் வர்ரோவைச் சான்றுக்கு அழைக்கிறார்கள். வர்ரோ சொன்னாலும் பிழை பிழையே. அம்மொழியில் '-ஈனுஸ்' என்பது 'அதற்குரிய' என்று பொருள்தரும் விகுதி. 'மரே' கடல், 'மரீனுஸ்' கடலுக்குரியது. 'லத்தியம்' நாடு, 'லத்தீனுஸ்' அந்நாட்டுக்குரியவன். நாட்டால் பெயர்பெற்றவன் நாட்டுக்குப் பெயர் தந்தான் என்பது, மகன் தந்தையைப் பெற்றான் என்பது போலாகும்.

வெர்ஜில் தம் 'ஈனெயிட்' எட்டாம் காண்டத்தில், யூப்பிட்டருக்கு அஞ்சிய சாட்டர்ன் தேவன் ஒளிந்திருந்த இடமாதலின், ஒளிதலைக் குறிக்கும் 'லத்தேரே' என்ற வினையால் அப்பெயர் அமைந்தது என்கிறார். காவியத்துக்கு அழகு, சொல்லாராய்ச்சிக்கு உதவாது.

நிலத்தைப் பாருங்கள். டைபர் ஆற்றுக்குத் தெற்கே, அல்பா குன்றுகளைச் சூழ்ந்து கடல்வரை விரிந்த சமவெளி அது. அதற்கப்பால் சபீனர் முதலிய மலைவாணர். 'லாத்துஸ்' என்றால் அகன்றது. ஆழத்தினும் அகலம் மிக்க ஒருவகைக் கப்பலுக்கு 'ஸ்த்லாத்தா' என்று பெயர். அகலத்தால் வந்த பெயர் அது என உரோம அகராதியாளர் பெஸ்துஸின் நூல் கூறும். அகன்ற நிலமே லத்தியம். லாத்துஸ் நெடில், லத்தியம் குறில் என்பர் மறுப்போர். 'செதேரே' உட்கார்தல், 'சேதேஸ்' இருக்கை, வேர் ஒன்றே. மறுப்பு நில்லாது.

உலகாண்டது உரோம், அதன் மொழிக்கோ வெளிநிலத்தின் பெயர். உரோமின் பெயர் மக்கள் பேச்சுக்குச் சென்றது: 813-இல் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், மறையுரைகளை 'உரோம நாட்டுப்புற மொழி'யிலோ செருமானியப் பேச்சிலோ பெயர்த்துச் சொல்லப் பணித்தது. இலத்தீன் என்ற சொல்லோ 'மொழி' என்ற பொதுப்பொருளுக்கே விரிந்தது. பழைய பிரெஞ்சில் பறவையின் பாட்டும் 'லத்தீன்', மொழிபெயர்ப்பாளன் 'லத்தினியே'. ஆங்கிலேயரின் 'லாட்டிமர்' என்ற குடும்பப்பெயர் அதன் வழி வந்தது. ஸ்பானிய யூதரின் 'லதீனோ', டோலமைட் மலையூர்களின் 'லதீன்' ஆகிய மொழிப்பெயர்களும் இக்குடும்பமே.

லகரம் மொழிமுதல் வாராமையால் நம்மவர் இகரம் சேர்த்து 'இலத்தீன்' என்றனர். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதும் இம்மொழியில்தான். 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

அரசனையும் தேவனையும் ஒதுக்குங்கள். நிலமே மக்களுக்கும், மக்கள் வழியே மொழிக்கும் பெயர் தந்தது. இதுவே என் துணிபு.