உப்பு உயர்த்திய மேடு

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், போமொன்ற் நகருக்குத் தெற்கே, சமதரையினின்றும் ஏறத்தாழ 15 அடி மாத்திரமே உயர்ந்த மேடொன்று இருந்தது. ஸ்பின்டில்ரொப் என்பது அதன் பெயர். கந்தக நாற்றமுடைய வாயு கசிந்த அம்மேட்டின் கீழ் எண்ணெய் உண்டெனப் பற்றிலோ கிகின்ஸ் என்பவர் 1890களில் ஓயாது வாதித்து வந்தார். கற்றறிந்த புவிச்சரிதவியலார் அவரை நம்பினாரல்லர். இளகிய மணலும் களியும் நிறைந்த கரையோரத்தில் எண்ணெய் எங்ஙனம் தங்கும் என்பது அவர்தம் கேள்வி.

நம்பியவர் அந்தனி லூக்காஸ். ஏதிரியாற்றிக் கடற்கரையிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், லூசியானாவின் உப்புச் சுரங்கங்களிற் பணிபுரிந்தவர். சதுப்பு நிலத்தின் நடுவே தீவுகள்போல் எழுந்துநிற்கும் குன்றுகளின் அடியில் உப்புத் திரள் கிடப்பதை அங்கே கண்டிருந்தார். இம்மேடும் அவ்வினத்ததே என்று அவருக்குப் பட்டது.

உப்பு மேட்டை உயர்த்துமோ? உயர்த்தும். மெக்சிக்கோ வளைகுடா உருவாகத் தொடங்கிய காலத்தில், 16 கோடி ஆண்டுகளுக்கும் முன், கடல்நீர் வற்றித் தடித்த உப்புப் படிவு உண்டாயிற்று. அதன்மேல் ஆறுகள் கொணர்ந்த மணலும் சேறும் பல்லாயிரம் அடி குவிந்தன. சேறு அமுங்க அமுங்கச் செறிவடையும். உப்போ அவ்வாறு செறிவடைவதில்லை. எனவே ஆழத்தில், தன்மேற் கிடக்கும் மண்படைகளிலும் உப்பே இலேசானதாகின்றது. கையிலெடுத்தால் நொறுங்கும் கல்லுப்பு, நெடுங்காலப் பாரத்தின்கீழ்ப் பாகுபோல் ஒழுகவும் வல்லது. நலிந்த இடம் கண்டு மேலெழுந்து, படைகளை ஊடறுத்து, அவற்றின் விளிம்புகளை மேல்நோக்கி வளைத்துத் தூண்போல் நிமிர்கின்றது. ஈற்றில் தரையையும் உயர்த்துகின்றது. வளைந்த படைகளிலும், உப்பின் தலைமேலுள்ள மூடுபாறையிலும் எண்ணெய் அகப்பட்டு நிற்கும்.

இவ்விளக்கம் லூக்காசுக்குக் கிட்டியதன்று. உப்பின் இலேசுத்தன்மையே காரணமென அறேனியஸ் 1912இல் எழுதினார். அதனை நெற்றில்ரன் 1934இல் திரவங்களைக் கொண்டு பரிசோதித்துக் காட்டினார். லூக்காசிடம் இருந்தது குன்றுகளைப் பார்த்துப் பழகிய கண் ஒன்றே.

அவர் இட்ட முதற்றுளை 575 அடியிற் குழாய் நசுங்கிக் கைவிடப்பட்டது, கைப்பணமும் கரைந்தது. பிறர் பொருளுதவியுடன் இட்ட மறுதுளை, 1901 சனவரி 10ஆம் நாள், 1,000 அடிக்குக் கீழே எண்ணெயைத் தொட்டது. இரும்புக் குழாய்கள் வானில் எறியப்பட்டன. எண்ணெய் 100 அடிக்கும் மேலாகப் பீறிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் வீதம் பாய்ந்த அதனை அடைக்க ஒன்பது நாட்கள் சென்றன. முதலிற் சொன்னவராகிய கிகின்சுக்கு அத்துளையிற் பங்கில்லை. அவர் வழக்காடியே ஈடு பெற வேண்டியிருந்தது.

எங்கும் துளைகள் நெருங்கவே, சில ஆண்டுகளில் ஊற்றுத் தளர்ந்தது. 1925இல் மேட்டின் உச்சியை விடுத்து, உப்புத் தூணின் பக்கங்களில் வளைந்துகிடந்த மணற்படைகளைத் துளைத்தபோது எண்ணெய் மீண்டும் பெருகிற்று. பிற்காலத்தில் மூடுபாறையிலிருந்த கந்தகமும் உருக்கி எடுக்கப்பட்டது; உப்பு உயர்த்திய அம்மேடு தாழ்ந்து பள்ளமாயிற்று.