திரும்பாத பிரயாணத்துக்குக் கட்டிய பெட்டி

நெடுந்தூரப் புகையிரதப் பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்வதில் தனி இன்பம் உண்டு. விடுமுறை வருமுன்பே நாம் கால அட்டவணையைப் புரட்டுகிறோம், ஆசனம் பதிகிறோம், எந்தச் சந்தியில் வண்டி மாறவேண்டும் என்று குறித்துக்கொள்கிறோம். மலைக்குளிருக்குக் கம்பளிச் சட்டை, வழிக்குக் கட்டுச்சோறு என ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைக்கிறோம். தேவையற்றதை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம். அது எளிது, ஏனெனில் வீடு அங்கேயே இருக்கும், பத்து நாளில் நாம் திரும்பி வருவோம்.

இந்த நம்பிக்கை இல்லாமற் பெட்டி கட்டிய மக்களின் வரலாறு ஒன்று கண்டிக்கு உண்டு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, கண்டியையும் அதற்கப்பாலுள்ள மலைத்தோட்டங்களையும் விட்டுத் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறிய தொழிலாளரின் வரலாறே அது. வகுப்பறையில் அது ஓர் ஒப்பந்தத்தின் பெயராகவும் இரண்டு மூன்று எண்களாகவும் சுருங்கி நிற்கிறது. அம்மக்களின் பெட்டியைத் திறந்து பார்த்தாலன்றி அவ்வெண்களின் பொருள் விளங்காது.

முதலில் அந்தப் புகையிரதம் யாருக்காக வந்தது என்பதைக் காண்போம். கண்டிக்கு அது வந்த ஆண்டு 1867. அதற்கு முன்பே, 1854இல், தோட்டத் துரைமார் கண்டியில் தமக்கெனச் சங்கம் அமைத்திருந்தனர். மாட்டுவண்டியில் கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு அனுப்புவது நாளும் பணமும் விழுங்கும் வேலை. ஆகவே அவர்கள் புகையிரதம் கேட்டனர், கிடைத்தது. 45 அடிக்கு ஓர் அடி உயரும் கடுகண்ணாவைச் சரிவில், பாறையைக் குடைந்து பாதை சமைக்கப்பட்டது. அதே 1867இல், கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஈராண்டுகளின் பின் இலைநோய் கோப்பியைப் பற்றியது, கோப்பி மடிந்தது, தேயிலை தழைத்தது. தேயிலையைத் தொடர்ந்து தண்டவாளமும் மலையேறியது: 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசி மேலே ஏறியது. நுவரெலியாவில் கோடை கழிக்கத் துரைமார் குடும்பங்களும் ஏறின. இன்று உலகமெங்கும் புகழப்படும் மலைநாட்டுப் புகையிரத உல்லாசப் பிரயாணத்தின் தோற்றுவாய் இதுவே.

அந்த மலைகளில் உழைத்தவர்களோ நடந்து வந்தவர்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக்கொடுமையாலும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிக்கு நடந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அவ்வழி வழக்கில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்ட பின்னரே, தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறி மறுகரையில் வண்டி பிடிப்பது அவர்களுக்கு இயல்வதாயிற்று. அப்போதும் அவர்கள் கையில் இருந்தது நாம் வாங்கும் சீட்டன்று. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை. பிரயாணச் செலவு தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது. ஊரைவிட்டுப் புறப்படும்போதே தொழிலாளி கடனாளியானான். கங்காணியின் கடனோடு அவனைப் பிணைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும் என்று விடப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

ஆகவே இந்தப் பிரயாணத்தைத் திட்டமிட்டவர்கள் பிரயாணிகளல்லர். அதற்குரிய காலம் பதினைந்து ஆண்டு என்று அரசுகள் வகுத்தன. வேலையில் இருந்தவர், புறப்படும் நாள்வரையோ 55 வயதுவரையோ, எது முந்துகிறதோ அதுவரை வேலை செய்யலாம். ஒரு குடும்பம் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்தைக் கொண்டுசெல்லலாம். ஆனால் நாணயக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே. அச்சொத்துக்கு விதிக்கப்படும் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்பது ஒப்பந்தம் அளித்த உறுதி. தலைமுறை தலைமுறையாக மலையை வளமாக்கியவரின் பெட்டிக்கு அரசுகள் பேசிய அளவு இதுதான்! கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டும், மறுகரையில் காட்டவேண்டிய குடும்ப அட்டையும் பெற்றபின், பெட்டி கட்டுவதொன்றே எஞ்சியது.

அந்தப் பெட்டியில் எதை வைப்பது? உடுபுடவையை வைக்கலாம், கம்பளியை, பாத்திரத்தை, சாமிப் படத்தை, கொஞ்சம் தேயிலைத் தூளை வைக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையை வைக்க முடியாது. அது என்றுமே அவர்களுடையதன்று. லயத்தோரத்து மரக்கறிப் பாத்தியை வைக்க முடியாது. தேயிலைக்கு உரமாகிப்போன பாட்டன் பாட்டியரின் புதைகுழிகளை வைக்க முடியாது. கொழுந்து பறிக்கும் விரலின் பழக்கத்தைக் கொண்டுசெல்லலாம். ஆனால் வறண்ட சமவெளிக் கிராமத்தில் அதற்கு வேலையில்லை. எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தாய்க்கு இந்தியக் கடவுச்சீட்டும் மணமான மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்த குடும்பங்களில், மனிதரையே இரண்டாகப் பிரித்து வைக்கவேண்டியிருந்தது.

மலையகத்தில் புகையிரதத்துக்குக் ‘கோச்சி’ என்று பெயர். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று தலைப்பிட்டார். அப்பெயருக்கு உரை வேண்டியதில்லை. கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் அட்டனிலும், ஏறியவரும் ஏற்றிவிட வந்தவரும் கூடி அழுத மேடைகளை முதியோர் இன்றும் மறக்கவில்லை. வண்டி கடுகண்ணாவையில் இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, அனுராதபுரம், மதவாச்சி வழியே தலைமன்னாரை அடையும். ஒப்பந்தம் எழுதிய இரு மாதத்துக்குள், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது; ஆதலால் பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அப்பால் மண்டபம் முகாம். முன்பு இலங்கைக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்துச் சோதித்த அதே முகாம், இப்போது திரும்பியவர்களைப் பெற்றுக்கொண்டது. அங்கிருந்து சிலர் நீலகிரியில் அரசு அவர்களுக்கென 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போயினர், சிலர் நூற்பாலைகளுக்கு, சிறுகடன் பெற்றுக் கடை வைக்க முயன்று இழந்தவரும் பலர்.

‘அவர்களே விரும்பித்தானே விண்ணப்பித்தனர்?’ என்று கேட்பவர் உண்டு. எண்களே விடை கூறும். 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது, இந்தியாவைக் கேட்டவர் தொகை 525,000ஐ எட்டவில்லை. இலங்கையைக் கேட்டவர் தொகையோ 300,000இன் இருமடங்கைத் தாண்டியது. மக்கள் தம் விருப்பத்தைத் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தனர். பின்னர் அவர்களைப் பெட்டி கட்டவைத்தவை வேறு: 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினி, காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டி மாவட்டத் தோட்டங்கள் சிலவற்றில் நிகழ்ந்த வெளியேற்றம், 1977இன் வன்செயல். பசியும் அச்சமும் தள்ள எடுத்த முடிவை விருப்பம் என்று அழைப்பது, சொல்லுக்கும் மனிதனுக்கும் நாம் செய்யும் அநீதியாகும்.

1980களில் போர் அந்தக் கப்பலை நிறுத்தியது. அதற்குள் நான்கரை இலட்சம் பேர்வரை கடல் கடந்திருந்தனர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல் சட்டம் வந்தது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2023இல், முன்னோர் வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து, மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தனர். அது நினைவுக்காக மட்டும் நடந்த நடையன்று. காணியும் வீடும் நியாயமான கூலியும் கேட்டு நடந்த நடை. அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

வரலாறு கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. ஒப்பந்தத்தின் ஆண்டையும் எண்ணையும் மனனம் செய்யும் மாணவனிடம், ‘உன் குடும்பம் நாளை இந்த ஊரை விட்டே போகவேண்டுமானால் எதை எடுத்துச் செல்வாய், எதை எடுக்க முடியாது?’ என்று நாம் கேட்கவேண்டும். அவன் எழுதும் பட்டியலின் இரண்டாம் பகுதியிலிருந்துதான் மலையகத்தின் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.