கூலி வேண்டாம், பங்கு தாங்கோ

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1935இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வாரச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். படம் ஓடினாலும் படுத்தாலும் அதே சம்பளம்தான். லாபம் முழுக்க முதலாளிக்கு. போருக்குப் பிறகு தனித்து நடிக்கத் தொடங்கினார். 1950இல் வெளியான 'வின்செஸ்டர் 73' என்ற கௌபோய் படத்துக்கு அவர் கேட்டது 2 லட்சம் டொலர். யுனிவர்சல் நிறுவனம் கைவிரிச்சிட்டுது. அவருடைய ஏஜென்ட் லூ வாசர்மன் வேறு கணக்குப் போட்டார்: சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு தாங்கோ. ஓடாவிட்டால் கையில ஒண்டும் மிஞ்சாது. ஓடியது, கேட்டதைவிட மிக அதிகமாகவே கிடைச்சுது. காசு பல வருசமாகப் பிரிஞ்சு வந்ததால வரியும் குறைவு. (கெட்டிக்காரர்தான்!) பங்கு கேட்டவர்களில் இவர் முதல் ஆளில்லை. ஆனால் இதற்குப் பிறகுதான் பெரிய நட்சத்திரங்கள் வரிசையாகப் பங்கு கேட்டார்கள், ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்தது. குதிரையிலிருந்து விழுந்தெழும்பின ஸ்டண்ட்காரருக்கு மட்டும் பங்கு கிடைக்கேல்ல.