பாய்க்கப்பலில் மணிக்கணக்கு

பாய்க்கப்பல்களில் நேரத்தை அளந்தது மணல். அதை எல்லோருக்கும் சொன்னது மணி. அலையாட்டத்தில் ஊசல் கடிகாரம் தடுமாறும், நீர்க் கடிகாரம் தளும்பும். மணல் கடிகாரம் ஓரளவு தாக்குப்பிடித்தது. 1345-46இல் 'லா ஜார்ஜ்' என்ற ஆங்கிலேயக் கப்பலுக்கு ஸ்லய்ஸ் துறைமுகத்தில் 12 மணல் கடிகாரங்கள் வாங்கியதற்குக் கணக்கே இருக்கிறது.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் நிலைத்த வழக்கம் இது: மணல் கடிகாரத்தின் மேல் குடுவை காலியாக அரை மணி நேரம், அதாவது ஒன்றேகால் நாழிகை ஆகும். உடனே அதைத் திருப்பி வைத்து மணியடிப்பார்கள். முதல் அரை மணிக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என ஏறி, நான்கு மணி நேரத்தில் எட்டு அடி விழும், காவல் மாறும். மாலை 4 முதல் 8 வரையிலான காவலை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு நாளுக்கு ஏழு முறை என்றானதால், ஒரே குழு தினமும் நடுச்சாமத்தில் விழித்திருக்கத் தேவையில்லை.

ஏமாற்றும் நடந்தது. குளிரில் நடுங்கும் பையன் மணல் முழுக்க இறங்கும் முன்பே குடுவையைத் திருப்பிவிடுவான். அவனுடைய காவல் சீக்கிரம் முடியும். சேர்ந்த பிழையை நண்பகல் சூரியன் தீர்த்துவைத்தது. உச்சிக்கு வந்ததைக் கருவியால் பார்த்துச் சொன்னதும், கப்பித்தான் உத்தரவில் மணியை எட்டு முறை அடித்து, குடுவையைப் புதிதாகத் திருப்புவார்கள். கப்பலின் நாளும் அப்போதுதான் பிறக்கும். பிரிட்டிஷ் கடற்படை இந்த நண்பகல் கணக்கைக் கைவிட்டது 1805இல்.

வேகத்தை அளக்கத் தனியாக 28 விநாடிக் குடுவை உண்டு. மரப்பலகை கட்டிய கயிற்றைப் பின்புறம் கடலில் விடுவார்கள். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாக முடிச்சுகள் இருக்கும். மணல் தீர்வதற்குள் கையைக் கடந்த முடிச்சுகள் எத்தனையோ, அத்தனை கடல்மைல் மணிக்கு.

கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கணிக்க இதெல்லாம் போதவில்லை. நேரத்தில் 4 நிமிடம் பிசகினால் இடம் ஒரு பாகை தள்ளிப்போகும். தச்சரான ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. 81 நாளில் 5 விநாடிதான் பிசகியது என்று கணக்கிட்டார்கள். 1831இல் கிளம்பிய பீகிள் கப்பலில் இப்படி 22 கடிகாரங்கள் இருந்தன. அவை அறைக்குள் துல்லியம் காத்தன. மேல்தளத்து ஆட்கள் மணியோசைக்கே எழுந்தார்கள், படுத்தார்கள்.

தமிழருக்கும் ஒரு கப்பல் மணி உண்டு. 1830களில் நியூசிலாந்தில் வில்லியம் கொலன்சோ என்பவர் கண்டபோது மாவோரிகள் அதில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்சின் கப்பலுடைய மணி என்று தமிழெழுத்து பொறித்த அது, வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.