மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்பு (இந்தியா)

மாற்றுத்திறனாளிக்கு வேலை கிடைக்க வழிசெய்யும் காரணிகள் வேறு. கிடைத்த வேலையில் நீடிக்கவும் உயரவும் வேண்டியவை வேறு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கி, ஊனத்தின் வகைகளை 21 ஆக விரித்தது.

நுழையும்போதே தடைகள் தொடங்கிவிடுகின்றன. பார்வையற்றவருக்குத் தேர்வுக்கூடத்தில், சொல்வதை எழுத ஓர் ஆளும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் தேவை. தேர்வில் வென்றாலும் மருத்துவத் தகுதி குறுக்கே நிற்கும். 2010 குடிமைப் பணித் தேர்வில் தேறிய இரா சிங்கல், முதுகெலும்பு வளைவைக் காரணம் காட்டி மறுக்கப்பட்ட பணியைத் தீர்ப்பாயத்தில் போராடியே பெற்றார். அவரே 2014 தேர்வில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார். மறுத்தவர்கள் எடைபோட்டது உடலை மட்டுமே.

பணியின் நடுவில் சிக்கல் நுட்பமானது. படமாக ஸ்கேன் செய்த கோப்பைத் திரைவாசிப்பான் மென்பொருள் அப்படியே படித்துக் காட்டாது. அந்த ஒரு கோப்பால் பார்வையற்ற அலுவலரின் வேலை நின்றுபோகும். பதவி உயர்விலும் இடஒதுக்கீடு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் சித்தராஜு வழக்கில் உறுதிசெய்தது.

பணிக்காலத்தில் ஊனமுறுவோரே அதிகம் மறக்கப்படுகிறார்கள். காலை இழந்து பணிநீக்கப்பட்ட காவலர் குணால் சிங்குக்கு ஆதரவாக 2003-இல் தீர்ப்பு வந்தது. இன்றைய சட்டத்தின் 20(4) பிரிவின்படி அரசு நிறுவனம் அத்தகையவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது; அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். தனியார் ஊழியருக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு இல்லை.