ஏரி வாரியமும் தனி அலுவலரும்

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பள்ளிப் பாடம் அதோடு முடிஞ்சிடும். ஓலை வந்த ஆள் அப்புறம் என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஏன்னா அதைப் பிடித்துக்கொண்டே போனால், வெள்ளமோ கொள்ளைநோயோ வரும்போது ஊருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்ற இடத்தில் வந்து நிற்போம்.

முதலில் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் இந்த ஊர்ச் சபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. முதல் தீர்மானத்தில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். இந்தக் காலத்து வழக்கில் சொன்னால் வெர்ஷன் 2. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரை எடுத்து, அவர்களை வாரியங்களுக்குப் பங்கிட்டார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. பதவியில் இருக்கும்போதே குற்றம் செய்தால் நீக்கம்.

இதில் நான் தேடியது ஆபத்துக்கால விதி ஏதாவது இருக்கிறதா என்பது. இந்த இரண்டு தீர்மானங்களிலும் அப்படி ஒன்று தனியாக இல்லை. ஏரி வாரியம்தான் இருக்கிறது. ஆறு பேர், வருஷம் முழுக்க, ஏரியைப் பார்த்துக்கொள்ள. பல்லவர் காலத்திலிருந்து வைரமேக தடாகம் என்று பெயர் கொண்ட அந்த ஏரிக்காகக் கொடுத்த கொடைகளும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் வருகின்றன. வெள்ளத்துக்கான ஏற்பாடு என்பது கரை உடையும் ராத்திரியில் ஆரம்பிப்பதில்லை. கோடையில் தூர் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. நான் இதை அப்படித்தான் படிக்கிறேன்.

நிஜமாகவே பஞ்சம் வந்தபோது ஒரு சபை என்ன செய்தது என்பதற்குத் தஞ்சைப் பகுதி ஆலங்குடியில் சான்று உண்டு. சோழர் காலத்தில் காலம் கெட்டு, சாப்பாட்டுக்கும் விதைக்கும் நெல் வாங்க ஊரில் வழியில்லை. சபை கூடி, கோயில் பண்டாரத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கடனாக வாங்கியது. பதிலுக்கு ஊர் நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தது. அதாவது நிலத்தை வைத்துக் கடன் வாங்கும் அளவுக்கு முடிவெடுக்கும் உரிமை அந்தச் சபை கையில் இருந்தது.

இதையெல்லாம் பொற்காலம் என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம். உத்திரமேரூர் சபை ஒரு பிராமணச் சபை. ஓலையில் பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். பெண்கள் கிடையாது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போனதே இல்லை.

இந்தப் பிரிவினை எவ்வளவு நாள் நீடித்தது என்று பார்க்க 1858-க்கு வந்தால் போதும். சென்னை மாகாணத்தில் அந்த வருஷம் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக் கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், பொறுப்பு அதிகாரி கிராமத் தலைவருக்கு உத்தரவு போடலாம். தலைவர் ஊரிலுள்ள உடல் வலுவுள்ள ஆண்களைக் கூப்பிட வேண்டும். எல்லா ஆண்களையும் இல்லை, ‘உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த’ ஆண்களை! கூலி உண்டு. வர மறுத்தால் தண்டனையும் உண்டு. உத்தரவு அதிகாரியிடமிருந்து, கூப்பிடுவது தலைவர், மூட்டை தூக்குவது கூலியாள். அவசர காலத்தில் யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்ற வரைபடம் இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

சரி, இப்போ என்ன நிலைமை?

1994-ஆம் வருஷத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 203-ஆவது பிரிவு ஆட்சியரின் அவசர அதிகாரம் பற்றியது. பொதுமக்கள் பாதுகாப்புக்கு உடனே தேவை என்று அவர் கருதினால், ஊராட்சி செய்யக்கூடிய எந்த வேலையையும் அவரே செய்ய உத்தரவிடலாம். செலவை ஊராட்சி நிதியிலிருந்தே கொடுக்கச் சொல்லலாம். கலவரம் என்றால் ஊராட்சிக்கு இடமே இல்லை. பழைய 144, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163, நிர்வாக நடுவர்கள் கையில்.

2005-ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. 41-ஆவது பிரிவு உள்ளாட்சிக்குக் கடமைகள் தருகிறது: பணியாளர்களுக்குப் பயிற்சி, தயார் நிலையில் பொருட்கள், நிவாரணம், மறுவாழ்வு. 25-ஆவது பிரிவு மாவட்ட ஆணையத்தை அமைக்கிறது. தலைவர் ஆட்சியர், இணைத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர். ஆபத்தின்போது முடிவெடுக்கும் மேசையில், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் நாற்காலி அது.

அந்த நாற்காலிக்குக் காஞ்சிபுரத்தில் என்ன ஆனது என்பதைத் தேதி வாரியாகப் பாருங்க.

2016 அக்டோபர் 24: தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிகிறது. இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் தேர்தல் அறிவிப்பை அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. தனி அலுவலர்கள் நியமனம்.
2016 டிசம்பர் 12: வர்தா புயல்.
2019 டிசம்பர்: 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல். மாவட்டப் பிரிப்பு, வார்டு மறுவரையறை காரணமாக விடுபட்ட 9 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று.
2020 மார்ச்: கொரோனா ஊரடங்கு.
2020 நவம்பர் 25 இரவு: நிவர் புயல் கரை கடக்கிறது.
2021 கோடை: கொரோனா இரண்டாம் அலை.
2021 அக்டோபர் 6, 9: காஞ்சிபுரத்தில் ஊரகத் தேர்தல்.
2022 பிப்ரவரி 19: நகர்ப்புறத் தேர்தல்.

உத்திரமேரூர் ஊர் ஒரு பேரூராட்சி. அதனால் அதன் முறை வந்தது கடைசித் தேதியில். ஐந்து வருஷத்துக்கும் மேல், அதாவது ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் அதிகமாக, அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. நடுவில், 2020 டிசம்பர் 10 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் இந்த ஊர்க் கல்வெட்டைப் பெருமையோடு குறிப்பிட்டார். அன்றைக்கு உத்திரமேரூரில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை.

203-ஆவது பிரிவைப் பற்றி நாம் கவலைப்படலாம். ஆனால் அதில் அதிகாரம் ஓர் ஆபத்துக்கு, ஒரு வேலைக்கு மட்டும் மேலே போகிறது. தனி அலுவலர் ஏற்பாட்டில் எந்தப் பிரகடனமும் இல்லாமல் மொத்த அதிகாரமும் வருஷக்கணக்கில் மேலே போய்விடுகிறது. இதற்கு நெருக்கடி நிலை என்று யாரும் பெயர் வைப்பதில்லை. அரசியலமைப்பின் 243ஈ பிரிவு ஐந்து வருஷத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது. 2006-இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. இயற்கைச் சீற்றம், கலவரம் போன்ற அசாதாரண நிலை மட்டும்தான் அங்கே விலக்காகப் பேசப்பட்டது. இங்கே நடந்தது தலைகீழ். தேர்தலைத் தள்ளிப் போட்டது புயல் இல்லை. தேர்தல் தள்ளிப்போன ஊருக்குப் புயல் வந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, லேசாகத் தள்ளிவிட முடியாதது. ஊருக்கே அதிகாரம் கொடுத்தால் ஊரின் ஆதிக்கச் சாதிக்குத்தானே போகும்? 1997-இல் மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் வருஷக்கணக்கில் தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. அதனால் கூட்டத்தைத் தடுப்பது, துப்பாக்கியைக் கையாள்வது போன்றவை ஊருக்கு வெளியே இருப்பதுதான் நல்லது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், படுக்கையில் இருக்கும் முதியவர் எந்த வீட்டில், கலங்கலுக்குக் கீழே யார் ஆக்கிரமித்திருக்கிறார் என்பதெல்லாம் வேறு விஷயம். 1961-ஆம் வருஷ ஜப்பானியப் பேரிடர்ச் சட்டத்தில், மக்களை வெளியேறச் சொல்லும் அதிகாரம் நகராட்சி, கிராமத் தலைவர்களிடம் இருக்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கென்று பேரிடர்த் திட்டம் தயாரித்தது. 2020 ஊரடங்கில் சமூகச் சமையலறைகள் உள்ளாட்சிகள் வழியாகவே ஓடின. காவல் அதிகாரத்தைக் கேட்காமலேயே செய்யக்கூடிய வேலைகள் இவை.

நம்மிடம் ஏரியே கைமாறிவிட்டது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனமுள்ள ஏரிகள் நீர்வளத் துறைக்கு. சின்ன ஏரிகள்தான் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆறு பேர் பார்த்துக்கொண்ட உத்திரமேரூர் ஏரி இன்று துறை ஏரி.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலரிடம் போய்விட்டன. 2021 அக்டோபரில் தேர்வான காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு ஐந்து வருஷம் முடிவது 2026 அக்டோபரில். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதமும் அதுதான்.